ஃபில்லிங் ஏன் விழுது? பல்லுக்கும் பசைக்கும் நடுவுல நடக்கிற கதை

(இந்த வார எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் இருந்த இழுவைகளையும் திரும்பத் திரும்பச் சொன்னவற்றையும் வெட்டியிருக்கிறோம். மற்றபடி பேசினது பேசினபடி.)

வழக்கமா கோட், சர்வர்னு பேசுவோம், இந்த வாரம் பல்லு. சம்பந்தமே இல்லையேன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ஒரு முறுக்கைக் கடிக்கிற வரைக்கும்.

கடவாய்ப்பல்லுல சொத்தைன்னு ஒரு ஃபில்லிங் போட்டிருந்தேன். பல்லு கலர்லயே இருக்குமே, அந்த காம்போசிட். ஏழே மாசம். முறுக்கைக் கடிச்சதும் வாய்க்குள்ள கல்லு மாதிரி ஏதோ உருண்டுச்சு. துப்பிப் பார்த்தா ஃபில்லிங், முழுசா. போட்ட இடத்துல போய்க் கேட்டேன். "ஹார்டா ஏதாவது கடிச்சிருப்பீங்க"ன்னு சொன்னாங்க. சரி, முறுக்குதான் குற்றவாளின்னு நானும் நம்பிட்டேன்.

அப்புறம் வேற ஒரு டாக்டர்கிட்ட போனேன். விழுந்த துண்டை டிஷ்யூல சுத்தி எடுத்துட்டுப் போயிருந்தேன். அந்த மேடம் அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்துட்டு ஒரே வரிதான் சொன்னாங்க: "ஃபில்லிங் உடையல. ஒட்டு விட்டிருக்கு." கடிச்ச வேகத்துல உடைஞ்சிருந்தா பொதுவா பாதி பல்லுலயே ஒட்டிட்டு இருக்கும், பாதி கையில வரும். என்னோடது அச்சுல இருந்து இட்லி வர்ற மாதிரி வழுவழுன்னு மொத்தமா வந்திருந்துச்சு. நம்ம பாஷையில சொன்னா, ரெண்டு மாட்யூலும் சரியா வேலை செய்யுது, பக் இருந்தது இன்டர்ஃபேஸ்ல.

அன்னைல இருந்து அந்த இன்டர்ஃபேஸ் பத்தித்தான் படிச்சுட்டு இருக்கேன். நான் டாக்டர் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன்.

பஞ்சர் கடையில நின்னு பார்த்திருப்பீங்க. ட்யூப்ல ஓட்டையைக் கண்டுபிடிச்சதும் அந்த அண்ணன் நேரா பேட்ச்சை எடுத்து ஒட்ட மாட்டார். முதல்ல ஈரத்தைத் துடைப்பார். அரத்தாலயோ உப்புத்தாளாலயோ அந்த இடத்தைத் தேய்ச்சு சொரசொரப்பாக்குவார். சொல்யூஷன் தடவுவார். தடவினதும் ஒட்டாம கொஞ்ச நேரம் காய விடுவார், அவசரம்னா வாயால ஊதுவார். அதுக்கப்புறம்தான் பேட்ச், மேல ரெண்டு தட்டு. பல்லுல காம்போசிட் ஒட்டுறதும் கிட்டத்தட்ட இதே வரிசைதான். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ட்யூபைத் தண்ணித் தொட்டியில இருந்து வெளிய எடுத்துடலாம். பல்லை வாயில இருந்து எடுக்க முடியாது, அதுக்குள்ள உயிரும் இருக்கு.

பசையே இல்லாத காலம்

அம்மா, தாத்தா வாயில கருப்பா, வெள்ளி மாதிரி ஒரு அடைப்பு பார்த்திருப்பீங்க. அது அமால்கம். வெள்ளி, தகரம், செம்பு கலந்த பொடியைப் பாதரசத்தோட சேர்த்துக் குழைச்சு வைக்கிறது. எடையில பாதி அளவுக்குப் பாதரசம்தான். இது பல்லோட ஒட்டவே ஒட்டாது. அப்ப எப்படி நிக்குது? பானை மாதிரி, வாய் குறுகலாவும் உள்ள அகலமாவும் பல்லைக் குடைஞ்சு அதுக்குள்ள திணிச்சு வச்சா, இறுகினதுக்கு அப்புறம் வெளிய வராது. அமெரிக்காவுல ஜி. வி. பிளாக்னு ஒருத்தர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே இந்தக் குழியோட வடிவத்துக்கெல்லாம் விதி எழுதி வச்சார்.

அமால்கத்தைத் திட்டறது இப்ப ஃபேஷன். பாதரசத்தால சுற்றுச்சூழல் பிரச்சினை இருக்கிறது உண்மை, ஐரோப்பிய யூனியன் 2025 ஜனவரியில இருந்து கிட்டத்தட்ட தடையே பண்ணிட்டாங்க. ஆனா அது ஈரத்துக்கு அதிகம் பயப்படாது, வருஷக்கணக்கா உழைக்கும். அதோட உண்மையான விலை வேற: அந்தப் பானை வடிவம் வர்றதுக்காக சொத்தையே இல்லாத நல்ல பல்லையும் வெட்டணும்.

வெட்டின பல்லு திரும்ப வளராது. ஒவ்வொரு தடவை ஃபில்லிங் மாத்தும்போதும் குழி கொஞ்சம் பெருசாகும். சின்ன ஃபில்லிங், அப்புறம் பெரிய ஃபில்லிங், அப்புறம் ரூட் கெனால், கேப், கடைசியில பல்லையே எடுக்கறது. 25 வயசுல போடற முதல் ஃபில்லிங் எத்தனை வருஷம் நிக்குதுங்கிறது, 60 வயசுல அந்தப் பல்லு இருக்குமா இல்லையாங்கிற கேள்வியோட சேர்ந்தது. பசை முக்கியமாகிறது இங்கதான். நல்லா ஒட்டும்னா சொத்தையை மட்டும் சுரண்டினா போதும், பானை வேண்டாம்.

எனாமல் ஈஸி

1955-ல மைக்கேல் புவனோகோர்னு ஒரு ஆராய்ச்சியாளர். அமெரிக்காவுல ராச்செஸ்டர்ங்கிற ஊர்ல, ஈஸ்ட்மன் டென்டல் டிஸ்பென்சரியில வேலை. தொழிற்சாலைகள்ல உலோகத்துக்கு பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி பாஸ்பாரிக் அமிலம் தடவுவாங்க, அப்பத்தான் பெயின்ட் பிடிக்கும். அவர் அதைப் பார்த்துட்டு, பல்லுக்கும் இதையே செஞ்சா என்னன்னு யோசிச்சார். 85% அமிலத்தை எனாமல் மேல 30 செகண்ட் வச்சுக் கழுவிட்டு அக்ரிலிக்கை ஒட்டிப் பார்த்தார். சும்மா ஒட்டினதைவிட ரொம்ப நாள் நின்னுச்சு.

காரணம் ரொம்ப நேரடியானது. எனாமல், அதாவது பல்லோட வெளிப்பக்க வெள்ளை ஓடு, எடையில சுமார் 96% தாது. நெருக்கமா அடுக்கின நுண்ணிய கம்பிகள் மாதிரி இருக்கும். அமிலம் அதைச் சீரா அரிக்காது. கம்பியோட நடுப்பகுதி ஒரு வேகத்துல கரையும், ஓரம் வேற வேகத்துல. கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் ஆயிரக்கணக்குல உண்டாகும். அதுக்குள்ள தண்ணி மாதிரி ரெசின் இறங்கி இறுகிட்டா, வேர் விட்ட மாதிரி பிடிச்சுக்கும். பஞ்சர் கடை அரத்தோட வேலையை இங்க அமிலம் பண்ணுது. இப்ப பயன்படுத்தறது சுமார் 37% அமில ஜெல். டாக்டர் நீல கலர்ல ஒரு ஜெல்லை சிரிஞ்சுல வைப்பாங்களே, அதேதான். கழுவிக் காய வச்சா எனாமல் சாக்பீஸ் மாதிரி மங்கலா வெளுத்துத் தெரியும். வேலை நடந்துருச்சுன்னு கண்ணாலயே பார்த்துக்கலாம்.

1962-ல ரேஃபல் போவன் பிஸ்-ஜிஎம்ஏங்கிற ரெசினுக்குக் காப்புரிமை வாங்கினார். அதுல கண்ணாடித் தூள் மாதிரி நுண்துகள்களைக் கலந்தா காம்போசிட். இன்னைக்கும் நிறைய ஃபில்லிங்குக்கு அடிப்படை அதுதான். அறுபதுகள்லயே கையில அமிலமும் இருக்கு, ரெசினும் இருக்கு. முடிஞ்சுதுல்ல?

முடியல. சொத்தை எனாமலோட நிக்காது, உள்ள டென்டினுக்குப் போயிடும்.

டென்டின் ஒரு ஈரமான பிரச்சினை

டென்டின் எடையில சுமார் 70% தாது, 20% கொலாஜன் மாதிரி கரிமப் பொருள், 10% தண்ணி. அதுல பல்லோட நரம்பு இருக்கிற இடத்துல இருந்து வெளிப்பக்கமா ஓடற நுண்குழாய்கள், ஒரு சதுர மில்லிமீட்டருக்குள்ளேயே பத்தாயிரக்கணக்குல. உயிருள்ள பல்லுல அந்தக் குழாய் வழியா திரவம் வெளிய கசிஞ்சுட்டே இருக்கும். அடியில இருந்து தண்ணி ஊறிட்டே இருக்கிற சுவத்துக்கு பெயின்ட் அடிச்சிருக்கீங்களா? அதே கதைதான். எவ்வளவு துடைச்சாலும் ஈரம் வரும். பத்தாததுக்கு டிரில் பண்ணும்போது வர்ற தூள், சகதி மாதிரி மேல ஒரு படலமா அப்பிக்கும். பசை அந்தச் சகதி மேல ஒட்டினா, சகதியோட கையோட வந்துடும்.

டென்டின் மேல அமிலம் வச்சா நரம்பு செத்துடும்னு மேற்கு நாடுகள்ல ரொம்ப நாள் பயந்தாங்க. ஜப்பான்ல தகாவோ ஃபுசயாமா 1979-ல எனாமல், டென்டின் ரெண்டுக்கும் சேர்த்தே அமிலம் வச்சு ஒட்டிக் காட்டினார். 1982-ல நொபுவோ நகபயாஷி அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு விளக்கினார். அமிலம் டென்டின்ல இருக்கிற தாதுவைக் கரைச்சதும், மிச்சம் நிக்கிறது கொலாஜன் வலை. ரெசின் அந்த வலைக்குள்ள ஊறி இறுகுது. கீழ பல்லு, மேல பிளாஸ்டிக், நடுவுல ரெண்டும் பின்னிக்கிட்ட ஒரு படலம். அதுக்கு ஹைபிரிட் லேயர்னு பேர். தடிமன் சில மைக்ரான்தான், ஒரு முடியோட தடிமன்ல பத்துல ஒரு பங்குகூட வராது. நாம கடிக்கிற முறுக்கு, எலும்பு, ஐஸ் க்யூப் எல்லாத்தையும் தாங்கறது அந்த சில மைக்ரான்.

மீன்பிடி வலையைத் தண்ணிக்குள்ள பாருங்க, விரிஞ்சு நிக்கும். கரையில இழுத்துப் போட்டா சுருண்டு மூட்டையாயிடும். கொலாஜன் வலையும் அப்படித்தான். அமிலத்தைக் கழுவினதுக்கு அப்புறம் காத்தடிச்சு நல்லாக் காய வச்சீங்கன்னா வலை படுத்துடும், ரெசின் உள்ள போக வழியே இல்ல. எனாமலுக்கு நல்லாக் காயணும், சாக்பீஸ் மாதிரி வெளுக்கணும். பக்கத்துலயே இருக்கிற டென்டினுக்கு அதையே செஞ்சா ஒட்டு போச்சு. தொண்ணூறுகளோட ஆரம்பத்துலதான் லேசா ஈரம் விட்டு ஒட்டணும்கிற முறை பரவுச்சு. சரி, ஈரமாவே விட்டுடலாமான்னா அதுவும் கூடாது. தண்ணி தேங்கினா ரெசினும் தண்ணியும் பிரிஞ்சு, நடுவுல ஓட்டை விழும்.

நேரமும் அப்படித்தான். டென்டின்ல 15 செகண்டுக்கு மேல அமிலத்தை விட்டா, வலை ரொம்ப ஆழமாப் போயிடும். ரெசினால அடி வரைக்கும் எட்ட முடியாது. அடியில ரெசின் இல்லாத கொலாஜன் அப்படியே மொட்டையா நிக்கும். இது இன்னைக்கே வலிக்காது. ஆனா கொலாஜனை வெட்டற என்சைம்கள் டென்டினுக்குள்ளயே தூங்கிட்டு இருக்கு, அமிலம் பட்டா அதுல சிலது முழிச்சுக்கும். அது மொட்டையா நிக்கிற கொலாஜனைக் கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும். இன்னொரு பக்கம் தண்ணி ரெசினையே மெதுவா உடைக்கும். ஒட்டின அன்னைக்கு லேப்ல இழுத்துப் பார்த்தா சூப்பரா இருக்கும், மாசங்கள், வருஷங்கள் போகப் போக பலம் இறங்கும். டெமோவுல ஓடி புரொடக்‌ஷன்ல விழற சாஃப்ட்வேர் நமக்குப் புதுசு இல்லையே. இந்த என்சைமை அடக்க குளோர்ஹெக்சிடின் தடவற பழக்கமும் உண்டு. லேப்ல நல்ல ரிசல்ட், நிஜ வாயில அந்த அளவுக்குப் பெரிய வித்தியாசம் தெரியல.

வெர்ஷன் நம்பரை நம்பாதீங்க

பல் பசைகளுக்கு நாலாவது தலைமுறை, அஞ்சாவது, ஆறாவது, ஏழாவதுன்னு பேர் வச்சிருக்காங்க. நம்பர் கூடக் கூட நல்லதுன்னுதானே நாம நினைப்போம்? இங்க நம்பர் கூடினப்ப பெரும்பாலும் குறைஞ்சது பாட்டில்கள்தான். நாலாவதுல அமிலம், பிரைமர், பசை மூணும் தனித்தனி. அப்புறம் அதையெல்லாம் கலந்து கலந்து ஏழாவதுல எல்லாமே ஒரே பாட்டில். டாக்டருக்கு நேரம் மிச்சம், ஆனா வேலை சுலபமாச்சே தவிர ஒட்டு கெட்டியாச்சுன்னு சொல்ல முடியல. ஒரே பாட்டில்ல தண்ணியை இழுக்கிற பொருளும் தண்ணியை விரட்டற பொருளும் சேர்ந்து இருக்கணும், கரைப்பானும் இருக்கணும். இறுகினதுக்கு அப்புறமும் அந்தப் படலம் தண்ணியை ஊடுருவ விடும். ரொம்ப நாள் ஆராய்ச்சிகள்ல மத்ததை ஒப்பிடற அளவுகோலா நின்னது பழைய மூணு படி முறையும், ரெண்டு பாட்டில் செல்ஃப்-எட்ச் முறையும்தான்.

செல்ஃப்-எட்ச்னா தனியா அமிலம் வச்சுக் கழுவற வேலை இல்ல. பிரைமரே லேசான அமிலம். அரிச்சுக்கிட்டே உள்ள போகுது, எவ்வளவு ஆழம் அரிக்குதோ அவ்வளவு ஆழம் ரெசினும் கூடவே போயிடுது. வலையை ஈரமா வைக்கணும், காயணும்கிற தலைவலியும் பெருசா இல்ல. ஜப்பான்ல குராரே கம்பெனி உருவாக்கின 10-எம்டிபிங்கிற மூலக்கூறுதான் இதுல ஹீரோ. அதை ஒரு அடாப்டர்னு வச்சுக்கோங்க. ஒரு முனையில இருக்கிற பாஸ்பேட் பல்லோட கால்சியத்தைப் பிடிச்சுக்கும், இன்னொரு முனை ரெசினோட சேர்ந்து இறுகிடும். அங்க உண்டாகிற கால்சியம் உப்பு தண்ணியில சுலபமாக் கரையாது. ஆக வெறும் பள்ளத்துல மாட்டிக்கிட்டு நிக்கிற பிடி மட்டும் இல்லாம, கெமிக்கல் பிடியும் கிடைக்குது. இப்ப 'யுனிவர்சல்'னு விக்கிற பசைகள்ல நிறையவற்றுல இது இருக்கு.

குறை என்னன்னா, லேசான அமிலம் எனாமலை அரிக்கப் போதாது. அதனால எனாமல் விளிம்புக்கு மட்டும் நீல ஜெல்லைத் தனியா வச்சுக் கழுவிட்டு, உள்ள டென்டினை செல்ஃப்-எட்ச்சுக்கு விட்டுடுவாங்க. ரெண்டு திசுவுக்கும் ரெண்டு வழி. எனக்குப் படிச்சதுல ரொம்பப் பிடிச்சது இந்த முறைதான். அவசரத்துல இருக்கிற கிளினிக்ல முதல்ல வெட்டுப்படறதும் இதுதானோன்னு ஒரு சந்தேகம்.

லைட் அடிச்சா சுருங்கும்

பசை தடவினதும் சில செகண்ட் காத்தடிப்பாங்க. பஞ்சர் அண்ணன் ஊதறதுக்கும் இதுக்கும் ஒரே காரணம்: கரைப்பான் ஆவியாகணும். அப்புறம் நீல லைட். காம்போசிட்ல பெரும்பாலும் கேம்பர்குவினோன்னு ஒரு பொருள் இருக்கும், சுமார் 470 நானோமீட்டர் அலைநீள ஒளி பட்டா அதுதான் இறுகற வேலையைத் தொடங்கி வைக்கும். லைட் முனை தள்ளியோ சாய்ஞ்சோ இருந்தா மேல கல்லு மாதிரி ஆயிடும், அடியில வேகாத மாவு.

இறுகும்போது காம்போசிட் கன அளவுல சுமார் 2-3% சுருங்கும். திறந்த தரையில போட்ட சிமென்ட் சுருங்கினா பரவாயில்ல. அஞ்சு பக்கமும் சுவர் இருக்கிற குழிக்குள்ள சுருங்கினா எல்லாச் சுவரையும் ஒரே நேரத்துல இழுக்கும். இப்பத்தான் ஒட்டின பசை அந்த இழுப்பைத் தாங்கணும், இல்லைன்னா மூலையில கண்ணுக்குத் தெரியாத விரிசல். அதனாலதான் வழக்கமான காம்போசிட்டை ரெண்டு மில்லிமீட்டர் அளவுல அடுக்கடுக்கா வச்சு, ஒவ்வொண்ணுக்கும் லைட் அடிக்கிறது. பல்க்-ஃபில்னு நாலு மில்லிமீட்டர் வரை ஒரே தடவையில வைக்கிறதும் இருக்கு, அது அதுக்குன்னே செஞ்ச பொருள். சாதாரணத்தை அப்படி வச்சா வேலை கெட்டுடும்.

ரப்பர் ஷீட்

இத்தனையையும் சரியாப் பண்ணி, நடுவுல ஒரு துளி எச்சில் பட்டுச்சுன்னா? எச்சில்ல இருக்கிற புரதம் அமிலம் வச்ச பள்ளத்து மேல படலமாப் படிஞ்சுடும். திரும்பக் கழுவி, பல சமயம் மறுபடி அமிலத்துல இருந்தே ஆரம்பிக்கணும். இதுக்கு 1864-லயே நியூயார்க்ல சான்ஃபோர்ட் பார்னம்னு ஒரு பல் டாக்டர் வழி கண்டுபிடிச்சுட்டார். ரப்பர் ஷீட்ல ஓட்டை போட்டு, பல்லு மட்டும் வெளிய நீட்டற மாதிரி மாட்டறது. பேர் ரப்பர் டேம். 160 வருஷம் ஆச்சு, இன்னும் நிறைய இடத்துல பஞ்சு உருண்டைதான். நியாயமாச் சொல்லணும்னா, பஞ்சு வச்சே நல்லா வேலை செய்யறவங்க இருக்காங்க. டேம் போட்டா ஃபில்லிங் அதிக நாள் நிக்கும்கிறதுக்கு ஆராய்ச்சி ஆதாரம் அந்தப் பக்கம்தான் சாயுது, ஆனா அடிச்சுச் சொல்ற அளவுக்குக் கெட்டி இல்ல. ஈரத்தைத் தடுக்கவே முடியாத இடம்னா, ஈறுக்கு அடியில மாதிரி, கிளாஸ் அயனோமர்னு வேற பொருள் இருக்கு. அது தானாவே கால்சியத்தோட ஒட்டும், ஈரத்தையும் ஓரளவு பொறுத்துக்கும். பலம் கம்மி.

என் பழைய ஃபில்லிங்குக்கு டேம் இல்ல. மொத்தமே பதினஞ்சு நிமிஷம். நடுவுல போன் எடுத்துப் பேசினாங்க, எனக்கு நாக்கு பல்லுல பட்டது நல்லா ஞாபகம் இருக்கு. அப்ப அது ஒரு விஷயமாவே தோணல. ரெண்டாவது டாக்டர்கிட்ட கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், காசும் கூட. எந்த பிராண்ட்னு நான் கேட்கல. ஒரு பல்லுக்கு எவ்வளவு நேரம் எடுப்பீங்க, டேம் போடுவீங்களான்னு ரெண்டுதான் கேட்டேன். மேடம் சிரிச்சுட்டு, "படிச்சுட்டு வந்திருக்கீங்க போல"ன்னாங்க. நீங்களும் கேளுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. வாயில எச்சில் தேங்குதுன்னு தோணினா கையைத் தூக்குங்க.

நம்ம பக்கமே பண்ற ரெண்டு தப்பு இருக்கு. ஒண்ணு, பல் வலின்னா கிராம்புத் தைலம் வைக்கிறது. வலிக்கு அது கேட்கும். ஆனா அதுல இருக்கிற யூஜினால் ரெசின் இறுகறதைத் தடுக்கும். வச்சிருந்தீங்கன்னா டாக்டர்கிட்ட மறக்காம சொல்லிடுங்க, சுத்தம் பண்ணிட்டு ஒட்டுவாங்க. இன்னொண்ணு கல்யாண சீசன் கேஸ். முன்பல் இடைவெளியை காம்போசிட்ல அடைக்கணும், பல்லை ப்ளீச்சும் பண்ணணும், ஒரே வாரத்துல ரெண்டும். ப்ளீச்ல இருக்கிற பெராக்சைடு பல்லுக்குள்ள ஆக்சிஜனை விட்டுட்டுப் போகும், அதுவும் ரெசினை இறுக விடாது. ப்ளீச் முடிச்சு ஒண்ணு ரெண்டு வாரம் விட்டுத்தான் ஒட்டணும். ஒட்டின காம்போசிட் அப்புறம் ப்ளீச்சுக்கு வெளுக்காது, அதனால கலர் பொருத்தத்துக்கும் இந்த வரிசைதான் சரி. முகூர்த்தத் தேதியில இருந்து பின்னாடி எண்ணி டாக்டர்கிட்ட தேதி வாங்குங்க.

என்னோட புது ஃபில்லிங்குக்கு இப்ப பதினோரு மாசம். நிக்குது. முறுக்கை மட்டும் இன்னும் இந்தப் பக்கம்தான் கடிக்கிறேன்.